இருபத்து நாலு மணி நேர ரங்கூன்

"புத்தர் கோயில் பகோடாவெல்லாம் அப்புறம் இருக்கட்டும் மாப்ளே. ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, அதைச் சொல்லுங்க" என்றார் கமலம்மாள்.

கிதியோன் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். கல்கத்தாவிலிருந்து ரயிலில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து, அன்று காலைதான் செகந்திராபாத்தில் இறங்கி மெட்டுகுடா வீட்டுக்கு வந்திருந்தார். பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. ஊர் சுற்றி வந்த மனுஷனைக் குளிக்க விடலாம், சாப்பிட விடலாம். ஆனால் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

கிதியோன் வேலை பார்க்கும் சர்க்கார் தொழிற்சாலை, மிஷின் வாங்குவது பற்றிப் பேச அவரை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. திரும்பும் வழியில் ரங்கூனில் ஒரு நாள் தங்கல். 1967-இல் பர்மாக்காரன் கொடுத்தது அவ்வளவுதான். இருபத்து நாலு மணி நேர விசா, சுற்றிப் பார்க்க ஒரு கார், கூடவே ஒரு வழிகாட்டி.

அந்த ஒரு நாளை நம்பித்தான் இந்த வீடு இரண்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தது. கிதியோனின் மனைவி சாராவுக்கு ஒரு தம்பி. சிலாஸ் என்று பெயர். யுத்த காலத்தில் அவர்கள் குடியிருந்த ரங்கூனில் குண்டு விழுந்து அப்பா போய்விட்டார். தன் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்காக செகந்திராபாத் வந்திருந்த கமலம்மாள், கப்பல் நின்றுபோய் இங்கேயே மாட்டிக்கொண்டார். பதிமூன்று வயது சாரா, முன்பின் தெரியாத கூட்டத்தோடு காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தாள். தனியாக வந்தாள்.

"தம்பிக்குக் காய்ச்சல்மா. கன்னியாஸ்திரீங்க ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேன்" என்றாள். அப்போது சிலாஸுக்கு ஆறு வயது.

அன்றிலிருந்து கமலம்மாள் கடிதம் போடாத சபை இல்லை, விசாரிக்காத ஆள் இல்லை. பெற்ற மனம் பித்து என்று லாலாகுடா முதல் ஹப்சிகுடா வரை சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

"சொல்லுங்க மாப்ளே."

"எங்க அத்தே போக விட்டான் அந்த வழிகாட்டி? எதைக் கேட்டாலும் நக்கோ, முடியாதுதான். ஷ்வேடகோன் கோயில்ல செருப்பைக் கழட்டச் சொன்னான். ஏரியைச் சுத்திக் காட்டினான். மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பச்சைக்கல் வாங்குங்கன்னான். நான் கல் வாங்கவா போனேன்?"

"அப்புறம்?"

அடுக்களை வாசலில் முறத்தோடு நின்றிருந்த சாரா, அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"சாயங்காலமாத்தான் மனசு இறங்கினான். ஆஸ்பத்திரி இப்ப பட்டாளத்துக் கையில இருக்கு. பின்னாடி ஒரு கல்லறைத் தோட்டம்." கிதியோன் தலையைக் குனிந்துகொண்டார். "மனசைத் தேத்திக்கணும் அத்தே. சிலாஸ் அங்கதான் இருக்கான்."



"பேர் எழுதியிருந்துதா மாப்ளே?" கமலம்மாள் கேட்டது மருமகனை. பார்த்தது மகளை.

"இருந்துது. சிலாஸ், வயசு ஆறுன்னு. சின்னதா ஒரு சிலுவை. புல் மண்டிக் கிடந்துது, கையாலயே பிடுங்கிப் போட்டுட்டு வந்தேன்."

"ஜெபம் பண்ணித்தானே அடக்கம் பண்ணியிருப்பாங்க?"

"கன்னியாஸ்திரீங்க அத்தே. பண்ணாம இருப்பாங்களா?"

கமலம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டியா சாரா? நல்ல கையிலதான் விட்டுட்டு வந்திருக்கே. உன் மேல ஒரு தப்பும் இல்லே" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெற்ற வயிறு, உள்ளே போய் அழுதது.

சாரா முறத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கிதியோன் பின்னாலேயே வந்தார்.

"அங்க கல்லறை இருக்க முடியாதுங்க" என்றாள்.

"மெதுவா பேசு."

"நான் அவனை எந்த ஆஸ்பத்திரியிலயும் விடலை. கூடவேதான் கூட்டிட்டு வந்தேன். பத்து நாள் நடந்தான். அப்புறம் கால் வீங்கிடுச்சு. தூக்கிட்டு நடந்து பார்த்தேன், என்னால முடியலை. கூட்டம் யாருக்காகவும் நிக்கலை. ஒரு மரத்தடியில உக்கார வச்சு, தண்ணி கொண்டு வரேன்டா, அழாதேன்னு சொல்லிட்டு…" முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "உசிரோடதாங்க இருந்தான். அக்கா சீக்கிரம் வான்னான். நான் திரும்பிப் போகவே இல்லை."

கிதியோன் அவள் தோளைத் தொட்டார். அவள் உதறினாள்.

"ஆறு வயசுப் பிள்ளையைக் காட்டுல விட்டுட்டு வந்தவ நான். அவனுக்கு யாருங்க சிலுவை நட்டா? யாரு ஜெபம் பண்ணா? நான் செத்தாலும் எனக்கு மன்னிப்பு கிடையாது. அதுக்கு மேல நீங்க வேற பேரு, வயசுன்னு அடுக்கிட்டு வந்து நிக்கிறீங்க. எங்கம்மாகிட்ட எதுக்குங்க இப்படி ஒரு பொய்?"

கிதியோன் சாத்தியிருந்த கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பொய் என்னோடது இல்லே சாரா. நான் புறப்படறப்போ அத்தைதான் சொல்லிக் கொடுத்தாங்க. 'தேடவெல்லாம் வேண்டாம் மாப்ளே, கல்லறையைப் பார்த்தேன்னு மட்டும் வந்து சொல்லுங்க. தண்ணி கொண்டு வரேன்டா, அழாதேன்னு அவ தூக்கத்துல கெஞ்சறதை இருபத்தஞ்சு வருஷமா கேட்டுட்டு இருக்கேன், நீங்களும் கேட்டிருப்பீங்க; இனிமே நான் தேடற மாதிரி நடிக்கவும் வேண்டாம், அவ மறைக்கவும் வேண்டாம்'னாங்க."