வரியை ஏத்துங்க ஐயா

மெர்டேக்கா என்னும் சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்த மறுவாரம், காஜா பெராங்கில் குடியிருக்கும் பொன்னுதுரை, வீட்டு வரிக் கடிதத்தோடு வரி அலுவலகத்துக்குப் போனார்.

“மேல்முறையீடு செய்யணும் ஐயா.”

“வரியைக் குறைக்கணுமா?” என்றார் அதிகாரி ஹனீபா, தலையைத் தூக்காமலே.

“இல்லை ஐயா, ஏத்தணும்.”

ஹனீபா பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஒருவர் வந்ததே இல்லை.

“வீட்டை வந்து பாருங்க, மாளிகை மாதிரி இருக்கு. கூரைக்குப் புது ஓடு, ஒவ்வொரு தூணும் கட்டிப்பிடிச்சா கை எட்டாது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டுறதுல பாதிதான் இதுக்கு வரி. நாடு இப்போ நம்மளோடது. ஏமாத்தலாமா?”

ஹனீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே நேரில் வந்து, பொன்னுதுரை காட்டிய தூண்களையெல்லாம் தட்டிப் பார்த்தார். கைகுலுக்கிவிட்டுப் போனார். வரி இரண்டு மடங்கானது.

சில மாதம் கழித்துப் பொன்னுதுரை மறுபடியும் வந்து நின்றார்.

“வரியைக் குறைக்கணும் ஐயா. கூரை ஒழுகுது. தூணெல்லாம் கரையான். அது வீடே இல்லை, கோழிக்கூண்டு.”

“போன தடவை மாளிகைன்னீங்களே!”

“அப்போ அது என் மாமனார் வீடு ஐயா. கல்யாணத்துக்குத் தர்றேன்னு சொல்லிட்டு, இத்தனை வருசமா தன் பேர்லயே வச்சிருந்தார். வரி ஏறினதைப் பார்த்ததும், ‘நீங்களே வச்சுக்குங்க மாப்பிள்ளை’ன்னு எழுதிக் கொடுத்துட்டார்.”

பொன்னுதுரை பெருமூச்சு விட்டார்.

“இப்போ அது என் வீடு.”