புதன்கிழமை ஒத்திகை

அது எட்டாவது ஒத்திகையா ஒன்பதாவதா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. ரெம்யாவைக் கேட்டால் எட்டோடு முடிந்தது என்பாள். செல்வமணி ஒன்பது என்று சாதிப்பான். புதன்கிழமை என்பது மட்டும் சரி. தம்பானூரில் ஆட்டோ நகரவில்லை என்பதும் சரி.

ஓட்டியவர் ஜெயகுமார் அண்ணன். பின்னால் ஒன்பது மாத வயிற்றோடு ரெம்யா. பக்கத்தில், மடியில் பையும் ஃபைலுமாக அவள் கணவன் செல்வமணி. ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் அவனுக்கு.

"எட்டு ஞாயித்துக்கெழம பாத்தது போதாதா? கடையில லோடு எறங்குத நேரம்."

"ஞாயித்துக்கெழம ரோட்டுல ஆளேது? வேல நாள்ல எவ்வளவு நேரம் ஆவும்னு பாக்கண்டாமா?"

செல்வமணிக்கு அது நியாயமாகப் பட்டது. கைப்பேசியில் நேரம் குறித்துக்கொண்டான்.

ஒத்திகை வேண்டும் என்று கேட்டவள் ரெம்யாதான். பயமாக இருக்கிறது, ஒரே பேடி என்று டாக்டரிடம் சொன்னாள்.

இல்லாமல் இருக்குமா? மூத்தவன் பிறக்க இருபத்திரண்டு மணி நேரம் ஆனது. நீலம் பாரித்து வந்த பிள்ளை, அழுவதற்கு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது. இரண்டாமவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. நாலு பாட்டில் ஏற்றினார்கள். இந்தத் தடவை வலி கண்ட உடனே வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த இரண்டு பிரசவங்களிலும் செல்வமணியின் பங்கும் இருந்தது.

முதலாவதற்கு அவன் பையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் ரெம்யாவை ஏற்றவில்லை என்று தெரிந்தது.

இரண்டாவதில் ஆபரேஷன் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவைப் பிடித்தபடியே சரிந்தான். நெற்றியில் ஐந்து தையல். அங்கிருந்த ஒரே டாக்டர் அதைப் போட்டு முடிக்கும்வரை ரெம்யா தள்ளுவண்டியில் கிடந்தாள்.

ஆகவே ஏழாம் மாதத்திலிருந்து, வேறொரு ஆஸ்பத்திரியில், ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ஒத்திகை. ரோஸ் சிஸ்டர் ரெம்யாவை லேபர் ரூமுக்குள் அழைத்துப்போய், பிள்ளையின் துடிப்பைப் பார்த்து, கட்டிலையும் கருவிகளையும் பழக்கிக் காட்டுவார். செல்வமணி வெளியே வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகுவான்.

முதல் ஞாயிறு ஃபைலை மறந்தான். மூன்றாவதில் கண் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினான். ஏழாவதில் வாசல் செக்யூரிட்டி எழுந்து நின்று அவனுக்கு சல்யூட் அடித்தார்.

வலி வந்தவளைப் போல ரெம்யா நடிக்க வேண்டும் என்பது செல்வமணி சேர்த்த ஏற்பாடு. அப்போதுதான் தனக்கு ஓர் உணர்ச்சி வரும் என்றான்.

தம்பானூர் சிக்னலில் அவள் முன்கம்பியை இறுகப் பிடித்தாள். மூச்சை விட்டு விட்டு இழுத்தாள். மேலுதட்டில் வியர்வை பொடித்தது.

செல்வமணி மெச்சினான். "இன்னிக்கு நல்லா இருக்கு கேட்டியா. போன ஞாயித்துக்கெழம ஒரு உயிரே இல்ல."

ரெம்யா கம்பியை விடவில்லை.

ஜெயகுமார் அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடித் திறந்து, உதட்டில் ஒரு விரலை வைத்தாள்.

அடுத்த நிமிடம் அவர் ஒரு பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில், சைக்கிள்கூட நுழையத் தயங்கும் இடத்தில், ஆட்டோவை நுழைத்தார்.

"பைய போவும் அண்ணே, டிரயல்தானே. வேணும்னா ஒரு சாயா குடிச்சிட்டுப் போவலாம்."

"சாயா பின்னெ குடிக்கலாம்" என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் செல்வமணி ஒரு குறையும் வைக்கவில்லை. ஃபைலை நீட்டினான். இரத்த வகையைக் கேட்பதற்கு முன்பே சொன்னான். ரோஸ் சிஸ்டர் அன்று அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். முன்னேற்றம்தான் என்று நினைத்துக்கொண்டு மூன்று இடத்திலும் அழகாகக் கையெழுத்துப் போட்டான்.

கதவு மூடியது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து கடைக்கு போன் போட்டான்.

காம்பில்லாத வத்தல் என்று சொல்லி அனுப்பிய லோடில் பாதிக்குப் பாதி காம்பு. லாரிக்காரனைக் கூப்பிட்டான், தரகனைக் கூப்பிட்டான், ஆந்திராவில் அனுப்பியவனையே கூப்பிட்டான். வராந்தா அதிர முக்கால் மணி நேரம் சண்டை போட்டான்.

பிறகு எழுந்து கதவைத் தட்டினான். "டிரயல் முடிஞ்சாச்சா சிஸ்டர்? கடைக்குப் போவணும்."

கதவு திறந்தது. ரோஸ் சிஸ்டரின் கையில் பச்சைத் துணியில் சுற்றிய ஒன்று வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தது.

செல்வமணி அதை வெகுநேரம் பார்த்தான். "இது யாருக்க பிள்ள?"

"டிரயலுக்கு வந்த பிள்ளையாக்கும்."

அந்தப் பேடி ரெம்யாவுக்கு உண்மையாகவே இருந்தது. முந்தைய இரண்டு தடவையும் அவளை உலுக்கியது வலி அல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் செல்வமணி வாய்விட்டு அழுத சத்தம். பிழைக்க மாட்டோம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்திருந்தாள். இந்தத் தடவை அவள் கட்டிலில் கிடந்து கேட்டதெல்லாம் மிளகாய்க் காம்பைப் பற்றிய சண்டை. அது நடந்துகொண்டிருக்கும்வரை தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டே இருந்தாளாம். எட்டு ஞாயிறும் ஒத்திகை வைத்து அவள் ஏற்பாடு செய்தது அழாத அந்தக் குரலைத்தான்.

பெண் பிள்ளை, மூன்று கிலோ நூறு கிராம். ரெம்யாவுக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஜெயகுமார் அண்ணன் அதே ஆட்டோ ஸ்டாண்டில்தான் இருக்கிறார். செல்வமணி ஒரு மாதம் மனைவியோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னான்.