மண்டை ஓட்டின் பின்பக்கம்

கத்தரி இறங்கிய விதம் சரியில்லை.

பழைய பட்டாளச் சின்னங்களை அசலா போலியா என்று பார்த்துச் சொல்லும் அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது.

உலோகத்தை உருக்கி வார்த்த போலிச் சின்னம் இப்படி வெட்டுப்படாது. உடையும். டக்கென்று தெறித்து மேசைக்கு அடியில் போய் விழும். தகடு வெட்டும் அந்தக் கத்தரியால் எத்தனையோ போலிகளை உடைத்தவர் அவர்.

இது சத்தமே போடவில்லை. சோப்புக் கட்டியில் கத்தி இறங்குவதைப் போல இறங்கியது.

மண்டை ஓடு இரண்டாகிவிட்டது.

"ஆச்சா சார்?" என்றாள் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மரகதம்.

அவர் லென்ஸைத் தேடி எடுத்தார்.

சற்று முன்புதான் அவள் கைக்குட்டையை அவிழ்த்து அதை மேசைமேல் வைத்தாள். வெள்ளைக்காரக் குதிரைப்படையின் தொப்பிச் சின்னம். ஒரு மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்புகள், கீழே நாடாவில் 'அல்லது மகிமை' என்று ஆங்கில எழுத்து. மரணம் என்ற சொல்லுக்குப் பதிலாகத்தான் மண்டை ஓடு.

போன மாதம் இறந்துபோன அவளுடைய அப்பா எத்திராஜ், வாழ்நாளெல்லாம் அதைக் கழுத்தில் கட்டியிருந்தார். பட்டாளத்து லாயத்தில் குதிரை தேய்த்த அவருடைய தாத்தா, வாந்திபேதியில் கிடந்த ஒரு சிப்பாய்க்குக் கஞ்சி ஊட்டினாராம். பிழைத்தெழுந்த சிப்பாய் தொப்பியிலிருந்து இதைக் கழற்றிக் கொடுத்தானாம்.

தெருவே சிரித்தது. 'கவர்னர் பேரன் வர்றாரு, வழி விடு' என்றார்கள். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவன் மரகதத்தின் அண்ணன். பிணத்தை எடுக்கும்போது, 'அந்தப் புளுகையும் சேர்த்துப் பொதைச்சிடு' என்றான். அவள்தான் கழற்றி வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா சொன்னது நெசமா, கதையா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

அதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

சின்னத்தைப் பார்க்கும்போது கொண்டுவந்தவர் பேசக் கூடாது. அது அவருடைய முறை. காது கேட்கத் தொடங்கினால் கண் சலுகை காட்டும் என்பார்.

லென்ஸை வைத்துப் பார்த்தார்.

முன்பக்கம் மூக்கெலும்பு மழுங்கியிருந்தது. பழமைக்கு நல்ல அடையாளம்.

திருப்பினார்.

பின்பக்கம் தட்டை, வேர்வையில் கறுத்திருந்தது.

அச்சில் அடித்த சின்னத்தில் முன்னால் மேடு என்றால் பின்னால் பள்ளம் இருக்க வேண்டும். இதில் பள்ளம் இல்லை. தொப்பியில் செருகும் பின் தகடும் இல்லை. கையில் வைத்தால் கனமும் கூடுதல்.

"போலிம்மா."

அவள் கைக்குட்டையை மடித்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப கவர்னர் பேரன் நல்லாத்தான் ரீல் உட்டிருக்காரு."

பொய்யான ஒன்றை முழுதாக வெளியே அனுப்பினால் அது இன்னொரு வீட்டை ஏமாற்றும். அதனால் வெட்டித்தான் கொடுப்பார். ஆண்டவருக்குச் செய்யும் ஊழியமாகவே அதை நினைத்திருந்தார். சம்மதமா என்று கேட்டார்.

"வெட்டுங்க சார். இன்னொருத்தர் ஏமாற வேணாம்."

வெட்டினார்.

இப்போது வெட்டுவாயை லென்ஸில் பார்த்தார். ஓரத்தில் மெல்லிய தகடு. அரச இலைக் கனம்கூட இல்லை. மேட்டோடு மேடாக, பள்ளத்தோடு பள்ளமாக வளைந்து போனது. அச்சில் அடித்த தகடு. அதன் வயிற்றுக்குள் வேறொன்று, சாம்பல் நிறத்தில், மெத்தென்று.

"இதுக்குள்ள ஈயம் எப்படிம்மா வந்துச்சு?"

வெட்டுவாயை விரலால் காட்டினார்.

"அப்பா ஊத்துனது சார். அதத்தான் சொல்ல வந்தேன், நீங்க கைய காட்டிட்டீங்க. ஸ்கூல் ரிக்‌ஷா ஓட்டுனாரில்ல? மண்டை ஓட்டப் பாத்தா புள்ளைங்க பயப்படும்னு உள்பக்கமா திருப்பிப் போட்டுக்குவாரு. ஒருநா ஒரு பாப்பாவத் தூக்கி உக்கார வெக்கசொல்ல பின்னாடி இருந்த தகடு கன்னத்தக் கீறிடுச்சு. ரெண்டு நாளு சோறு எறங்கல அவருக்கு. தகட்ட அறுத்துப் போட்டுட்டு, ஈயத்த ஊத்தி, தேச்சுத் தேச்சு வழவழன்னு ஆக்கிட்டாரு."

அவர் கத்தரியை மேசையில் வைத்தார்.

கன்னம் கீறாமலிருக்க நிரப்பிய பள்ளம்.

அதைத்தான் அவர் பொய் என்று படித்தார்.

"இன்னா சார், அதையே பாத்துகினு இருக்கீங்க? தண்ணி குடிங்க." மரகதம் எழுந்து வந்து அவருடைய தம்ளரையே எடுத்து நீட்டினாள். "போலிதானே. அதுக்குப் போயி."

பேசாமல் இருந்துவிடலாம். அவள் நம்பிவிட்டாள். அவர் சொல்லை மறுத்துப் பேச இந்த ஊரில் ஆள் கிடையாது. ஈயத்தைப் பற்றிக் கேட்க இனி யாரும் வரப்போவதுமில்லை.

அவள் தம்ளரை நீட்டியபடியே நின்றாள்.

"உங்கப்பா பொய் சொல்லலம்மா."

அவள் பார்த்தாள்.

"இது அசல். நான்தான் தப்பாப் பார்த்தேன். அசலை வெட்டிட்டேன்."

ஏச்சுக்காகத் தலையைக் குனிந்தார். அவள் எவ்வளவு ஏசினாலும் தகும்.

"நெசமா?"

நிமிர்ந்தார். அவள் மேசைமேல் கிடந்த இரண்டு துண்டுகளையும் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுவதும் நனைந்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"நெசந்தானா சார்? இன்னொருவாட்டி சொல்லுங்க."

சொன்னார்.

"இருங்க, இருங்க. இத எங்கண்ணன் கேக்கணும்." போனை எடுத்து எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்போதே அவர் கையில் திணித்தாள்.

அவர் போனைக் காதில் வைத்தார்.

மறுமுனையில் தடித்த குரல் ஒன்று, "இன்னா மரகதம், புளுகு பல்லிளிச்சிடுச்சா?" என்றது.

சாட்சி சொல்பவரைப் போல அவர் எழுந்து நின்றுகொண்டார்.