மதியம் ஒன்று முதல் மூன்று வரை

கிடங்கில் பத்து மணி நேரம் பெட்டி தூக்கிய மார்லீனின் இடுப்பு, பாலைவனத்துக் குவார்ட்சைட் சந்தைக்கு, தான் குடியிருக்கும் வேனை ஓட்டி வந்ததில் இன்னும் கடுத்தது. சோலார் கரண்டை அளவாக்கி அனுப்பும் கன்ட்ரோலர்களை விற்கும் டுவெயின் வேனுக்குள் ஏறி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்த பழைய கன்ட்ரோலரின் பதிவுகளைத் தட்டிப் பார்த்தான்.

"ஒத்த ஆளு, ஒரு விளக்குன்னு சொன்னே. தினமும் மத்தியானம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் தொண்ணூறு வாட் இழுத்திருக்கு. உள்ள லாட்ஜ் நடத்துறியா?"

"அந்த நேரம் நான் கிடங்குல இருப்பேன். வேன் பூட்டித்தான் கிடக்கும்."

"நேத்தும் இழுத்திருக்கே."

தொண்ணூறு வாட் அவளுக்குத் தெரிந்த கணக்கு. புருஷன் கிளிஃபோர்டு மதியத் தூக்கத்தில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின் அது. ஆகஸ்டில் அவனைப் புதைத்த மறுநாளே வாடகைக்கு விட்டவர்கள் அதை எடுத்துப் போய்விட்டார்கள்.

"இந்த இருபது ஆம்பியர் கன்ட்ரோலர் தாங்காது, மார்லீன். வெயில் ஏறினா நின்னுபோயிரும்."

"நின்னுச்சு," என்றாள். "ஒரு தடவை. ஆகஸ்டுல."

டுவெயின் நாற்பது ஆம்பியரை எடுத்து நீட்டினான். விலையைக் கேட்டதும் அவள் அதை அவன் பக்கமே தள்ளினாள்.

"அடுத்த சம்பளத்துல வாங்கிக்கிறேன்."

போன வருடம் கிளிஃபோர்டு மூச்சு வாங்க இந்தப் பெரியதையே கேட்டபோதும் அப்படித்தான் சொன்னாள். அவனுக்கு அவள் கொடுக்க வேண்டிய நாற்பது ஆம்பியர் கன்ட்ரோலர் இன்னும் பாக்கி.