யெருஷல்மி என்று ஒரு பெயர்

ஒரு விடுகதை. ஜெருசலேமை விட்டுப் போனவருக்கும் அந்தப் பெயர். ஜெருசலேமுக்குப் போய் வந்தவருக்கும் அந்தப் பெயர். கருக்கிய சர்க்கரையும் மிளகும் போட்டு நாங்கள் சுடும் சேமியாப் பலகாரத்துக்கும் அதே பெயர். அது என்ன?

யெருஷல்மி. ஜெருசலேம்காரர் என்று பொருள்.

தன் குடும்பப் பெயரான அதுதான் வேண்டாம் என்றார் பின்ஹாஸ். சமர்கண்டிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மகள் மல்கோவை ஜெருசலேமில் எங்கள் பள்ளியில் சேர்க்க வந்திருந்தார்.

"சமர்கண்டின்னு எழுதுங்க டீச்சர். பேரை மாத்திக்கலாம்னு குடியேற்ற ஆபீஸ்ல சொன்னாங்க."

கெயுலா டீச்சருக்குச் சுருக்கென்றது. "ஜெருசலேமுக்கே வந்துட்டு, அந்தப் பேர் மட்டும் கசக்குதா? என் வகுப்புலயே ரெண்டு யெருஷல்மி இருக்காங்க. ஒருத்தியோட பூட்டனார் இங்கேருந்து டமாஸ்கஸ் போனவர். இன்னொருத்தியோட பூட்டனார் ஷீராஸ்லேருந்து வந்து கும்பிட்டுத் திரும்பினவர். ஊரே அவர் கையை முத்தமிட்டுச்சாம்!"

"எங்கப்பா கையை யாரும் முத்தமிடலை டீச்சர்."

"ஏன்?"

"ஜெருசலேம் போறேன்னு வீட்டை வித்துட்டுக் கிளம்பினார். நாட்டை விட்டுப் போகத் தடை இருந்த காலம். எல்லை ஆத்தைத் திருட்டுத்தனமா தாண்டப் போய், பயந்து திரும்பிட்டார். அன்னிக்குக் கேலியா வெச்ச பேர், குடும்பப் பேராவே ஒட்டிக்கிச்சு."

பின்ஹாஸின் குரல் இறங்கியது.

"காலையில அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொட்டிக் கடைக்குப் போவேன். தெரு முழுக்க சூடான ரொட்டி வாசனை. 'வாங்க ஜெருசலேம்காரரே, ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?'ன்னு கடைக்காரன் கேப்பான். எல்லாரும் சிரிப்பாங்க. அப்பாவும் சிரிச்சுக்கிட்டே ரொட்டியை வாங்கி, முதல் துண்டை எனக்குத்தான் பிச்சுக் குடுப்பார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது. இவளுக்கு அது வேண்டாம்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ சொல்லும்மா. எந்தப் பேரை எழுதட்டும்?"

மல்கோ அப்பாவைப் பார்த்தாள். "தாத்தா பயப்படலைப்பா."

"உனக்கு யார் சொன்னது?"

"தாத்தாதான். சாகறதுக்கு முன்னாடி கேட்டேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

"என்னத்தை?"

"ஆத்தங்கரையில சிப்பாய்ங்க இருந்தாங்களாம். குழந்தை அழுதுக்கிட்டே இருந்துச்சாம். 'அதை இங்கேயே போட்டுட்டுப் படகுல ஏறு'ன்னு படகுக்காரன் சொன்னானாம். தாத்தா குழந்தையைத் தூக்கிக்கிட்டுத் திரும்பிட்டார்."

"எந்தக் குழந்தை?"

"நீதான்ப்பா."

பின்ஹாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் பேனாவை எடுத்து, மறுபடியும் கேட்டார்.

யெருஷல்மி என்றே எழுதச் சொன்னாள் மல்கோ.