முன்சீட்டில் பிரவீனா

"எதையும் தொட்டுப்போடாத, அம்மணி!"

பின்சீட்டிலிருந்து கணவர் குமாரசாமி போட்ட சத்தத்தில் பிரவீனாவுக்குக் காதே அடைத்துப்போனது.

தொடாமல் எப்படி? பக்கத்தில் பைலட் சைதன்யா, "தலை சுத்துதுங்க மேடம்" என்று சொன்ன வாயோடு தன் கைப்பிடிமேல் சரிந்துவிட்டான். அவன் பாரத்தில் குட்டி விமானம் பூமியைப் பார்த்துக் குனிய ஆரம்பித்திருந்தது. கீழே பெரியநாயக்கன்பாளையம். குமாரசாமியின் பம்ப்செட் கம்பெனி அங்கேதான். போகிற போக்கைப் பார்த்தால் நேராக அதன் கூரையிலேயே இறங்கிவிடுவார்கள் போலிருந்தது.

கல்யாண நாளுக்கு மகன் மிதுன் கொடுத்த பரிசு இது. கோயமுத்தூரைச் சுற்றி ஆகாயத்தில் ஒரு வட்டம். முன்னால் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று பைலட் முதலில் கூப்பிட்டது குமாரசாமியைத்தான். அவர் முறைத்தார்.

"ஓட்டறவன் பக்கத்துல முதலாளி உக்கார்றதா? நல்லாருக்குதே! நீ போ அம்மணி."

அப்படித்தான் முன்சீட் பிரவீனாவுக்கு வந்தது.

அவள் பைலட்டின் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, பெல்ட்டை இறுக்கினாள். தன் முன்னால் இருந்த கைப்பிடியை மெல்ல இழுத்தாள். விமானம் நிமிர்ந்தது. பைலட் பேசும்போதெல்லாம் கைப்பிடியில் ஒரு பட்டனை அழுத்தியதைப் பார்த்திருந்தாள். தன் பக்கமும் அதே மாதிரி ஒன்று இருந்தது. அழுத்தினாள்.

"ஏனுங்க... பைலட்டுத் தம்பி மயங்கிட்டாருங்க. நாங்க சும்மா சுத்திப் பாக்க வந்தவங்க."

ஹெட்போனில் ஒரு பெண்குரல் நிதானமாக வந்தது. "நான் ஏர்போர்ட் டவர்ல இருந்து பேசறேன். பயப்படாதீங்க மேடம். அவர் மூச்சு விடறாருங்களா?"

"விடறாருங்க."

"நல்லது. நேராப் பாருங்க. வானமும் பூமியும் சேர்ற கோடு தெரியுதுங்களா? ரெண்டு றெக்கையும் அதுக்குச் சமமா இருக்கோணும். கைப்பிடியை இறுக்காதீங்க, லேசாப் பிடிச்சாப் போதும்."

"டவர்ல ஆம்பளை ஆரும் இல்லீங்களா?" பின்னாலிருந்து குமாரசாமி.

அதோடு விடவில்லை.

"லெஃப்ட்டுல ஒடி! இத்தனை வேகம் எதுக்கு? ஆரன் அடி, ஆரன் அடி!"

"மேடம், பின்னாடி இருக்கறவரைப் பேசாம இருக்கச் சொல்லுங்க. நான் சொல்றது உங்களுக்குக் கேக்கோணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிரவீனா அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை. உயிர் போகிற நேரத்திலும் அவளால் மரியாதையை மட்டும் விட முடியவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க."

குமாரசாமி மூடிக்கொண்டார். பிறகு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மருதமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டிருந்தார். யாருக்கு மொட்டை என்பதை மட்டும் சொல்லவில்லை.

குரல் சொல்லச் சொல்லப் பிரவீனா செய்தாள். திருப்பச் சொன்னபோது திருப்பினாள், வேகத்தைக் குறைக்கும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். ஓடுபாதை எதிரே அகலமாகிக்கொண்டே வந்தது.

"இப்ப மெதுவா மேல தூக்குங்க... இன்னுங் கொஞ்சம்... அவ்வளவுதான்!"

சக்கரம் தரையில் பட்டது. துள்ளியது. மறுபடி பட்டது. ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் ஏறி, ஒருவழியாக நின்றது.

அதுவரை வராத அழுகை அப்போதுதான் பிரவீனாவுக்கு வந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே பைலட் கண் விழித்துவிட்டான். செய்தி எப்படித்தான் பரவியதோ, வெளியே மைக்கோடு ஒரு கூட்டமே நின்றது. குமாரசாமி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எங்க ஊட்டுக்காரம்மாதானுங்க எறக்குனது. பொம்பளைகளால ஆவாததுன்னு ஒண்ணுமே இல்லீங்க. நாமதான் அவங்களை நம்பறதில்லை. இன்னைக்கு என் கண்ணு தொறந்துருச்சுங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிரவீனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு விமானத்தைக்கூட இறக்கலாம் என்று தோன்றியது.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். டிரைவர் அன்று லீவு. குமாரசாமி பையிலிருந்து கார் சாவியை உருவினார். சாவி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

இந்த முறை பிரவீனா குனிந்து எடுத்தாள்.

"உங்களுக்குக் கை நடுங்குதுங்க. நான் ஓட்டட்டுங்களா? என்கிட்ட லைசென்ஸ் இருக்குதுங்களே."

குமாரசாமி சாவியை வெடுக்கென்று பிடுங்கினார்.

"வெளையாடறயா அம்மணி? இது அவினாசி ரோடு. உன்னைய நம்பி எப்படி உசுரைக் குடுக்கறது?"