புரட்டித் தைத்த கோட்டு

இந்தக் குண்டூசியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும், அலறுவான்.

லோகநாயகி தள்ளவில்லை. தம்பியின் பேன்ட் கீழ்மடிப்பை அளவாக மடித்து, துணியில் மட்டும் குத்தினாள்.

குணசேகரன் பெஞ்சின்மேல் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேனேஜர் சம்சாரம் முன்னாடி என்னை இன்னான்னு கூப்புடுவ? சொல்லு, கேப்போம்."

அவள் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன.

"சார். ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு கீற?"

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் வேலை கிடைத்தபோது அவனிடம் இரண்டு சட்டைகள் இருந்தன. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மவுண்ட் ரோட்டில் தைத்துப் போடுகிறவர்கள்.

கொரட்டூரில் ரவிக்கை தைக்கும் அக்கா லோகநாயகி, வெட்டுத்துண்டு டெரிலினில் நான்கு சட்டை தைத்தாள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் போடும் கன்னியப்பனின் மூட்டையைக் கிளறி, சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைக் கண்டெடுத்தாள். கன்னியப்பன் மனைவிக்கு மூன்று ரவிக்கை தைத்துக் கொடுத்து அதை வாங்கினாள்.

வெளுத்த கோட்டு. ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். துணியின் உள்பக்கம் புதிதாகவே இருந்தது. அதை வெளிப்பக்கமாகப் புரட்டித் திரும்பத் தைத்தாள். பதினோரு நாள் ஆனது.

புரட்டினால் இடது வலதாகும். ஆணின் கோட்டில் இடப்பக்கம் இருக்கவேண்டிய பொத்தான் துளைகள் வலப்பக்கம் வந்து சேர்ந்தன. பதினெட்டு வருடம் பெண்களுக்கே தைத்த அவள் கைக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

போன வாரக் கம்பெனி விருந்தில் மேனேஜரின் மனைவி கண்டுபிடித்தாள். இது லேடீஸ் கோட்டா, மிஸ்டர் சேகர், என்றாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். குணசேகரனும் சிரித்துவிட்டு, கொரட்டூரில் ஒரு தையல்காரி, பாவம், புரட்டித் தைக்கிறேன் என்று கெடுத்துவிட்டாள் என்றானாம்.

சிரித்த அம்மாளுக்குப் புரட்டுவது பிடித்துப்போனது. அவள் கணவரின் கோட்டுகள் மூன்று வெளுத்துக் கிடக்கின்றன. அந்தத் தையல்காரியை நானே வந்து பார்க்கிறேன் என்றாள். இன்று வருகிறாள்.

அதனால் இன்றைக்கு லோகநாயகி அவனுக்கு அக்கா இல்லை, வெறும் தையல்காரி. அவன் துணி கொடுக்க வந்திருப்பவன். கம்பெனியில் ஒருவனைப் பெரிய வேலைக்குப் பம்பாய் அனுப்பப்போகிறார்கள். தையல்காரியின் தம்பியை அனுப்பமாட்டார்கள் என்பது அவன் முடிவு.

"உனக்குந்தானே வேலை கெடைக்குது? கெடுத்துக்காத."

பொத்தானுக்காக அவள் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தாள். கோட்டைப் பிரித்து இன்னொரு பதினோரு நாள் உட்காரவும் தயார். 'பாவம்' என்றானே, அதைத்தான் எப்படிப் பிரித்துத் தைப்பது என்று தெரியவில்லை.

காலையிலிருந்து அவன் இந்த வீட்டிலிருந்து தன்னைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தான். கொடியில் கிடந்த லுங்கியைச் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் திணித்தான். சவரப் பெட்டியை ஒளித்தான். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தான், வாழ்க்கையில் முதல்முறையாக. பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் இன்று இந்தப் பக்கம் வராதே என்றான்.

"இன்னாடா, கட்சி மாறிட்டியா?" என்றாள் ஜமீலா. அவன் கதவைச் சாத்தினான்.

எல்லாம் எடுத்து முடித்த பிறகு லோகநாயகி அறையைச் சுற்றிப் பார்த்தாள். எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. இவன் இவ்வளவு கொஞ்சமாகத்தான் இங்கே இருந்தானா? அவளுக்கு நிஜமாகக் கோபம் வந்தது அப்போதுதான்.

வாசலில் கார் நின்றது.

"சார்," என்று மேலிருந்து கிசுகிசுத்தான். "மறந்துடாத."

மேனேஜரின் மனைவி மிஸஸ் ரகுநாதன் உள்ளே வந்தாள். பின்னால் டிரைவர் மூன்று கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றான். அவள் குணசேகரனுக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு, நேராகத் தையல் மெஷினுக்குப் போனாள். அதன்மேல் கிடந்த சாம்பல் நிறக் கோட்டை எடுத்து, உள்தையலை விரலால் நீவிப் பார்த்தாள்.

"பொத்தானை விடுங்க, கைவேலை சுத்தமா இருக்கு. எத்தனை நாளா இவகிட்ட கொடுக்கறீங்க, மிஸ்டர் சேகர்?"

"ரெண்டு மூணு மாசமா, மேடம்."

சொல்லும்போது அவன் குரல் பிசகவே இல்லை. அதைக் கேட்டு லோகநாயகிக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. ரொம்ப நாள் பழகிய பொய்.

குணசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். குனிந்து, பெஞ்சருகே மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தான்.

"ஏம்மா, பேன்ட் வியாழக்கிழமை ரெடியாயிடுமா?"

அம்மா. இந்த ஒன்றை அவன் ஒத்திகையில் சொல்லவில்லை.

மிஸஸ் ரகுநாதனும் திரும்பினாள். டிரைவர்கூடப் பார்த்தான். ஆயிடும் சார் என்று சொன்னால் முடிந்துவிடும். மூன்று கோட்டு, பிறகு எஸ்டேட்டில் பாதிப் பேருடைய கோட்டுகள்.

லோகநாயகி கடைசி ஊசியையும் குத்தி முடித்திருந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தினமும் சோற்றுக்குக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்:

"டேய் குணா, எறங்கி அந்தம்மா குந்தறதுக்கு நாற்காலிய இஸ்துப் போடு."